பின்தொடர்வாரைப் பின்தொடர்தல்



நம் ஊர்களிலே ஒரு வழக்கம் உண்டு. நம் வீட்டு நன்மை தின்மைகளுக்கு வந்துபோனவர் வீட்டுக்கு நாமும் போய்வருதல் வேண்டும். போகாது விட்டால் அது பெருங்குறையாகப் பேசப்படும். சில குடும்பங்களில் அக்குறை தலைமுறை கடந்தும் நினைவில் நிற்கும். இவ்வழக்கத்திலே ஊறிய நாம், சமூக ஊடகங்களுக்குள் நுழையும்போதும் அதனைக் கையோடு கொண்டு செல்கின்றோம். இன்னார் உங்களைப் பின்தொடர்கிறார் என்ற அறிவித்தல் கைத்தொலைபேசியிலே தோன்றியதும், அவர் யார், எத்தகையவர் என்று பாராமலே நாமும் அவரைப் பின்தொடர்ந்து விடுகின்றோம். செய்யாவிடின் மரியாதைக் குறைவாகுமோ என்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் இடமறியாத அச்சம் என்பதே இன்று நான் கூற விரும்புவது.

2004ஆம் ஆண்டிலே தோன்றிய பேஸ்புக், நட்பு என்பதை இருவர் சம்மதத்தில் நிகழும் ஒன்றாக வைத்தது. 2006ஆம் ஆண்டிலே தொடங்கி, 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய டுவிட்டரோ வேறொரு முறையைக் கைக்கொண்டது. அங்கே ஒருவரை நாம் பின்தொடர அவர் நம்மைப் பின்தொடர வேண்டியதில்லை. பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா கட்டியவர், பத்திரிகாசிரியர் தம் வீட்டுப் படலையைத் திறந்து வரவில்லையே என்று மனம் நோவதுண்டோ? பின்தொடர்தலும் அத்தகையதே. அது விருந்துக்கு மறுவிருந்து அன்று. ஒருவர் எழுதுவதை நாள்தோறும் வாசிக்க விரும்புகின்றேன் என்னும் விருப்பத்தின் அடையாளம்.

வாசிப்பதற்கோ நமக்குள்ள நேரம் சிறிது. ஐந்நூறு பேரை ஒருவர் பின்தொடர்கின்றார் என்றும், அவர்கள் ஒவ்வொருவரும் நாளுக்கு நான்கு பதிவுகள் இடுகின்றனர் என்றும் கொள்வோம். பதிவு ஒன்றுக்கு ஐந்து நொடி செலவிட்டாலும், 2 மணி 46 நிமிடம் கழிந்துவிடும். அத்தனையும் கண்முன் வருவதில்லை என்பது உண்மையே. 2016 முதல் டுவிட்டரிலும் கணினியே சிலவற்றைத் தேர்ந்து முன்வைக்கின்றது. ஆயின் நாம் எவரைப் பின்தொடர்கின்றோம் என்பதும் அத்தேர்வுக்கு ஒரு குறிப்பாகும். கண்டவரையெல்லாம் பின்தொடர்ந்தவரின் பக்கத்திலே, அவர் உண்மையாகவே கேட்க விரும்பிய குரல்கள் அமிழ்ந்துபோகின்றன.

இனி, நம்மைப் பின்தொடரும் அந்நியர் ஏன் பின்தொடர்கின்றார் என்பதை ஆராய்தல் தகும். நம் எழுத்தை விரும்பி வருவோரும் உளர். எண்ணிக்கை வேட்டையாடுவோரும் உளர். பின்னவரின் தொழில்முறை விந்தையானது. டுவிட்டரிலே எவரும் 5,000 கணக்குகள் வரை பின்தொடரலாம். அதற்கு மேலே செல்ல, தம்மைப் பின்தொடர்வோர் தொகையும் ஏற்றவாறு உயர்ந்திருத்தல் வேண்டும். ஆகவே அவர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பின்தொடர்வர். மரியாதை கருதிப் பதிலுக்குத் தொடர்ந்தவரைச் சில நாளிலே சத்தமின்றிக் கைவிடுவர். பின் வேறு நூற்றுவரை நாடுவர். இதனை நிறுவனத்தின் விதிகள் தடுக்கின்றன. நாளொன்றுக்கு ஆயிரம் பேரைப் பின்தொடரலாம் என்றிருந்த எல்லையை 2019இல் நானூறாகக் குறைத்தமையும் இதன் பொருட்டே. நம்முடைய நல்லொழுக்கமே இவர்களுக்கு முதலீடு என்பதைக் கவனிக்க.

எண்ணிக்கை எவ்வளவு பொய்யாகலாம் என்பதற்குப் பகிரங்கமான சான்று ஒன்று உண்டு. டெவூமி என்னும் அமெரிக்க நிறுவனம் பின்தொடர்வோரை விலைக்கு விற்றதை 2018 ஜனவரியிலே நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. ஏறத்தாழ 35 இலட்சம் தானியங்கிக் கணக்குகளைத் திரும்பத் திரும்ப விற்று, 20 கோடிப் பின்தொடர்வோரை அது வழங்கியிருந்தது. அக்கணக்குகளிற் பல, உயிரோடுள்ள மனிதரின் பெயரையும் படத்தையும் களவாடி அமைக்கப்பட்டவை. அவ்வாண்டு ஜூலையிலே, ஐயத்தின் பேரில் பூட்டப்பட்ட கணக்குகளை டுவிட்டர் எண்ணிக்கையிலிருந்து நீக்கியபோது, அந்நிறுவனத்தின் சொந்தக் கணக்கே 70 இலட்சத்துக்கு மேற்பட்டோரை இழந்தது. ஆகவே, பெருந்தொகையினர் பின்தொடரும் ஒருவர் நம்மைத் தேடி வந்தாரென்று உள்ளம் பூரிப்பதற்கு முன் சற்றே பொறுத்தல் நன்று. நீலக் குறியும் அத்தகையதே. முன்னர் அது ஆள் இன்னாரென உறுதிசெய்தது. 2022 நவம்பர் முதல் பணம் கட்டினோர்க்கெல்லாம் கிடைக்கின்றது.

பின் எதனைப் பார்ப்பது? அவருடைய பக்கத்தைத் திறந்து, கடந்த சில வாரங்களில் எழுதியவற்றைப் பாருங்கள். சொந்தமாக நாலு வரி எழுதுகின்றாரா, பிறர் சொன்னதை எடுத்தெடுத்து வீசுவதோடு நிற்கின்றாரா? யாரேனும் மாறுபட்டுப் பேசினால் எவ்வாறு விடையிறுக்கின்றார்? என் மட்டிலே இக்கடைசிக் கேள்வியே தலையாயது. ஒருவர் தம் பதிவுகளை அலங்கரித்து வைக்கலாம். மறுமொழிகளிலே அவர் சுபாவம் ஒளிந்திராது. முப்பது பேரே பின்தொடரும் ஒரு பள்ளி ஆசிரியர் தம் ஊர்ப் பறவைகளைப் பற்றிப் பொறுமையோடு எழுதிவருவாராயின், அவரைப் பின்தொடர்வதால் நமக்கும் பயன், அவருக்கும் ஊக்கம். புகழ்பெற்றவர்க்கு நம் ஒருவரின் கவனம் கடலிற் பெய்த மழை.

எச்சரிக்கை ஒன்றும் இங்கே அவசியமாகின்றது. டுவிட்டரிலே நாம் பின்தொடர்பவர் நமக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பும் வாயிலும் திறந்துவிடுகின்றது. இன்ஸ்டகிராமிலே கணக்கைப் பூட்டி வைத்திருப்போர், பின்தொடர வேண்டுகோள் விடுப்பவரை அனுமதித்த அளவிலேயே தம் படங்களை அவர் பார்வைக்கு வைத்தவராகின்றனர். பதிலுக்குப் பின்தொடர்வது அதற்குப் பிந்திய செயல். இளம் பிள்ளைகள் இவ்வேற்றுமையை அறிந்திருக்கப் பெற்றோர் உதவ வேண்டும். வெளிநாட்டிலுள்ள மாமாவின் பெயரோடும் படத்தோடும் புதிய கணக்கொன்று வந்து நின்றால், அனுமதிக்குமுன் மாமாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதிலே வெட்கம் எதற்கு? அவர் பெயரில் யாரோ பணம் கேட்கத் தொடங்கியபின் கேட்பதைவிட அது மேலன்றோ!

எஞ்சுவது உறவினர் சங்கடம். பெரியம்மாவின் மகன் காலை முதல் இரவு வரை கிரிக்கெட் பற்றியே எழுதுவார். அவரைத் தொடராதிருந்தால் அடுத்த கல்யாண வீட்டிலே முகம் கொடுக்க முடியாது. இத்தகையோரைப் பின்தொடர்ந்துகொண்டே அவர்தம் பதிவுகள் நம் கண்ணிற் படாதவாறு அடக்கிவைக்கும் வசதியை டுவிட்டர் 2014இல் ஏற்படுத்தியது. அடக்கப்பட்டவருக்கு அறிவித்தல் எதுவும் செல்வதில்லை. இதற்கு மறுதலையாக, ஒருவரைப் பின்தொடராமலே அவர் எழுத்தை வாசிக்கவும் வழி உண்டு. 2009 முதல் அங்குள்ள பட்டியல்களிலே வேண்டியவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலைத் தனிப்பட்டதாக அமைத்தால் அதனை அமைத்தவர் மட்டுமே காண்பார். பெரியம்மாவின் மகனுக்கு முன்னையது. இன்னும் மனம் முடிவுகட்டாத அந்நியருக்குப் பின்னையது.