நாடக மாணவர்க்கு விளையாட்டு எதற்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

என்னோடு வகுப்பைக் கட் அடித்துவிட்டு வேப்பமரத்தடியில் ஒத்திகை பார்த்த பழைய நண்பர்களே, இப்போது கட் அடித்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

நாடகப் பயிற்சியில் விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். "சார், வசனம் மனப்பாடம் பண்ணவே நேரம் பத்தலை. இதுல கண்ணாமூச்சி வேற ஆடணுமா?" என்று நாடக மன்றத்து மாணவர் ஒருவர் நேற்றுக் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒருவனைக் கெடுத்தும் வைத்தேன். அதைச் சொல்லாமல் மேலே பேச எனக்கு யோக்கியதை இல்லை.

1984. நான் இறுதியாண்டு. நாடக மன்றச் செயலாளரும் நானே, இயக்குநரும் நானே. வழக்கம்போல ஒரு சரித்திர நாடகம். தூதுவன் வேடத்துக்கு முதலாண்டு மாணவன் ஒருவன், கரிசல் காட்டுப் பையன். ஒத்திகையில் வசனம் மறந்துவிட்டது. பயல் மிரளவில்லை. "மகராசா, வார வழியில ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. சொல்லுதேன், செத்த இருங்க" என்று தன் ஊர்ப் பேச்சில் ஒரு போடு போட்டான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்த நாடகத்திலேயே உயிரோடு இருந்த வரி அது ஒன்றுதான் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வசனம் வராதவன் ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நில்லு." நின்றான். மறுநாள் வரவில்லை. அப்புறம் மேடைப் பக்கமே வரவில்லை.

பின்னாளில் நான் பள்ளி ஆசிரியன் ஆனேன். ஆண்டு விழா நாடகம் என் தலையில் விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் பழைய புத்தகக் கடையில் வயோலா ஸ்போலின் எழுதிய 'இம்ப்ரவைசேஷன் ஃபார் த தியேட்டர்' கிடைத்தது. 1963-இல் வெளிவந்த புத்தகம். இருநூறுக்கும் மேல் விளையாட்டுகள். இந்த அம்மையார் சிகாகோ நகரத்துக்காரர். ஹல் ஹவுஸ் என்ற சமூக நல மையத்தில் நெவா பாய்ட் என்பவரிடம் குழந்தை விளையாட்டுகளைக் கற்றவர். 1939 முதல் 1941 வரை அரசாங்க வேலைத் திட்டம் ஒன்றில் நாடக மேற்பார்வையாளர். வந்த பிள்ளைகளில் பலர் குடியேறிகளின் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி. அவர்களிடம் 'உணர்ச்சியோடு நடி' என்று பிரசங்கம் செய்தால் எடுபடுமா? ஒரு விளையாட்டைக் கொடுத்து, விதியைச் சொல்லிவிட்டார். ஆட்டத்தில் கவனம் போனதும் நடிப்பு தானாக வந்தது. இவருடைய மகன் பால் சில்ஸ் இந்த விளையாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பின்னால் சிகாகோவில் நாடகம் செய்தார். 1959-இல் தொடங்கிய 'செகண்ட் சிட்டி' குழுவை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

ஸ்போலின் பிடித்த நாடி இதுதான்: நடிகனைக் கட்டிப்போடுவது திட்டு மட்டுமல்ல, பாராட்டும்கூட. 'சபாஷ்' கிடைக்குமா, 'சீ' கிடைக்குமா என்று வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன் எதிரே நிற்கும் நடிகனைப் பார்ப்பதில்லை. அதனால் அவருடைய முறையில் ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்தித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஓரத்தில் நின்று, 'கயிற்றைப் பார்', 'அவனைக் கவனி' என்று ஆட்டம் நடக்கும்போதே குரல் கொடுப்பதோடு சரி.

கயிறு என்றேனே, அது இல்லாத கயிறு. நம் ஊர் வடம் இழுக்கிற போட்டியேதான். வடம் மட்டும் கிடையாது. என் பிள்ளைகளை முதன்முதலில் ஆடவிட்டபோது இரண்டு பக்கமும் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். கயிறு ரப்பராக நீண்டது! "எல்லாருமே ஜெயிச்சா கயிறு எங்கடா?" என்றேன். நாலாவது தடவை ஒரு குட்டிப் பெண் கால் சறுக்கி முன்னால் இழுபட்டாள். அவள் பின்னால் நின்றவர்களும் சரிந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கயிறு என் கண்ணுக்குத் தெரிந்தது. தோற்க ஒருவர் துணிந்த பிறகுதான் அந்தக் கயிறு வந்தது.

அடுத்து எனக்குப் பாடம் சொன்னவர் கீத் ஜான்ஸ்டன். லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நடிகர்களுக்குக் கற்பித்து, பின் கனடாவின் கால்கரி நகருக்குப் போய்ச் சேர்ந்தவர், 2023-இல் காலமானார். எதிராளி கொடுப்பதை ஏற்றுக்கொள், மறித்துவிடாதே என்பது இவர் ஓயாமல் சொல்வது. ஒருவன், "அப்பா, மாட்டைக் காணோம்" என்கிறான். "நான் உன் அப்பனும் இல்ல, இங்க மாடும் இல்ல" என்றால் கைதட்டல் கிடைக்கும், காட்சி செத்துப்போகும். "காணோமா? நேத்து ராத்திரி நாந்தாண்டா வித்துட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு குடும்பமே மேடைக்கு வந்துவிடும்.

1979-இல் வந்த அவருடைய 'இம்ப்ரோ' புத்தகத்தில் ஓரிடம் என்னைத் தூங்கவிடவில்லை. புதிய வகுப்பில் அவர் தரையில் உட்கார்ந்துகொள்வாராம். நீங்கள் சொதப்பினால் பழி என்னுடையது, விஷயம் தெரிந்தவன் நான்தானே என்று மாணவர்களிடம் சொல்லிவிடுவாராம். நான் ஈட்டி கொடுத்தேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று தள்ளவும் முடியாது. 1980-லேயே சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் வங்கத்து பாதல் சர்க்கார் பயிற்சிப் பட்டறை நடத்தினார்; தமிழ் நாடகக்காரர்கள் பலர் கலந்துகொண்டார்கள். நான் ஈட்டி கொடுத்தது அதற்கு நாலு வருடம் கழித்து. செய்தி எனக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

பேச்சு வராது என்று ஒதுங்கும் மாணவர்களுக்கு ஸ்போலின் வைத்த ஒரு விளையாட்டு உண்டு. அர்த்தமே இல்லாத ஒரு பாஷையில் ஒரு பொருளை விற்க வேண்டும். 'லபக்கு டிமிலா ஜொக்கா' என்று எதையாவது உளறலாம். ஆனால் வாங்குகிறவனுக்குப் புரிந்தாக வேண்டும். ஊர்ப் பேச்சுக்காகக் கூச்சப்படுகிறவன், இங்கிலீஷ் வராதவன், அடுக்குமொழிக்காரன் எல்லாரும் அங்கே ஒரே வரிசை. கை, கண், முதுகு எல்லாம் வேலை செய்ய ஆரம்பிக்கும். முதல் வாரத்தில் இதை ஆடுங்கள். வசனத்தை மூன்றாவது வாரம் கொடுத்தால் போதும். சீக்கிரம் மனப்பாடம் ஆவதைப் பார்ப்பீர்கள்.

கல்சுரல்ஸ் 'ஆட்-சாப்' போட்டியில் நீங்கள் கலக்குவதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் ரெண்டு நிமிஷம், மூணு நடுவர், மார்க்கு என்று வந்துவிட்டால் பழைய பயம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். போட்டிக்கு ஆடுங்கள், பயிற்சியை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, மார்க் இல்லாமல் செய்யுங்கள்.

அந்தப் பையனைச் சில வருடங்களுக்கு முன் இதே சந்திப்பில் பார்த்தேன். இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் யாருண்ணே ஞாபகம் வச்சிருக்கா" என்று சிரித்துவிட்டான். காபி குடித்துக் கிளம்பும்போது திரும்பி, "ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலன்னுதானண்ணே சொன்னேன். அதுல என்ன தப்பு?" என்றான். நாற்பது வருடத்துக்கு அருகில் ஆகியும் வரி மாறவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தவெளி அரங்கில் ஒரு மணி நேரம் ஆடப்போகிறோம். முழங்கால் வலிக்காரர்களுக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டமும் இருக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். கயிறு நான் கொண்டுவருகிறேன்.