கொண்டற் காற்றும் போகிப் புகையும்



தமிழர் காற்றை நான்காக வகுத்துப் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். புலவர்கள் பெரிதும் போற்றியது தென்றலையே எனினும், சென்னைவாசிகளாகிய நமக்கு உயிர் கொடுப்பது கொண்டல்தான். சித்திரை வைகாசி மாதங்களில் முற்பகல் முழுதும் மேற்கிலிருந்து அனல் வீசும். நண்பகல் கடந்ததும் மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் உலர்த்தியிருக்கும் துணி கிழக்கிலிருந்து மேற்காக அசையத் தொடங்கும். "கடற்காற்று வந்துவிட்டது" என்று வீட்டார் சன்னல்களைத் திறப்பர். அது வரத் தாமதித்த நாள்களில் நகரின் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

இக்காற்று பிறக்கும் வகை எளியது. வெயிலில் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடல் மெதுவாகச் சூடேறுகிறது. தரைமேற் சூடேறிய காற்று இலேசாகி மேலே எழ, அவ்விடத்தை நிரப்பக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. இரவில் இந்நிலை மாறிவிடும். தரை விரைவிற் குளிர்ந்து போவதால் காற்று தரையிலிருந்து கடல் நோக்கி மெல்லச் செல்லும். சில வேளைகளில் அசைவற்றே நின்றுவிடும். இந்த இரண்டாவது செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். இன்றையப் பேச்சின் பொருள் அதில்தான் இருக்கிறது.

சென்னை, உதகையையும் கோடைக்கானலையும் போல ஆரோக்கியத்தலம் என்று பெயர் பெற்ற ஊரன்று. ஆயினும் நல்ல காற்றுக்காகத் தெற்கு நோக்கி நகர்ந்தவர்களின் வரலாறு இந்நகருக்கும் உண்டு. கோட்டைக்குள் நெருங்கி வாழ்ந்த ஆங்கிலேயர், காலப்போக்கில் அடையாற்றங்கரையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பெருந்தோட்டங்களின் நடுவே வீடு கட்டிக்கொண்டனர். 1882-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையார் தங்கள் தலைமையிடத்தை அடையாற்றில் அமைத்துக்கொண்டனர். 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரையில் உலாவுவதற்கென்று ஒரு பாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். தியாகராயநகரின் கதை வேறு. மயிலாப்பூர்ப் பேரேரி என்று வழங்கிய நீண்ட ஏரியின் படுகையிலே 1920-களில் எழுந்த நகர் அது. ஏரியின்மேல் தவழ்ந்து குளிர்ந்து வந்த காற்றை இழந்து ஒரு கடைவீதியைப் பெற்றோம். அது இலாபமா நட்டமா என்பது இரங்கநாதன் தெருவில் பண்டிகைக் காலத்து மாலையில் நின்று பார்த்தவர் தீர்மானிக்க வேண்டியது.

கொண்டல் நமக்குச் செய்யும் மற்றோர் உபகாரம், நகரத்துப் புகையைக் கூட்டித் தள்ளுவது. டில்லிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனால் கார்த்திகை மார்கழியில் அவ்வூர் மூச்சுத் திணறுவதைச் செய்தித்தாளிற் படித்து, "நல்லவேளை, நமக்குக் கடல் இருக்கிறது" என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அந்த ஆறுதலே நம்மை அசட்டையாளர்களாக ஆக்கிவிட்டது. கடற்காற்று நாள் முழுதும் வீசுவதில்லையே! தை பிறக்கும் வேளையில், பின்னிரவிலும் விடியற்காலத்திலும், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதன்மேல் சற்று வெம்மையான காற்று ஒரு மூடியைப் போலப் படர்ந்து நிற்கிறது. கீழே எழும் புகை அம்மூடியைத் தாண்டி மேலே செல்ல இயலாது. பக்கவாட்டில் தள்ளக் காற்றும் இல்லை. பனியின் ஈரமோ புகைத்துகளைச் சுற்றிக்கொண்டு அதனை மேலும் பருக்கச் செய்கிறது.

ஆண்டின் முந்நூற்றுச் சொச்சம் நாள்களுள் அத்தகைய ஒரு நாளையும், அந்நாளின் இருபத்துநான்கு மணி நேரத்துள் மிகவும் பொருந்தாத அந்த விடியற்பொழுதையும் பார்த்து நாம் தெருவுக்குத் தெரு தீ மூட்டுகிறோம். அதுவே போகி.

2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் போகியன்று காலையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படவில்லை. புகையும் பனியும் கலந்து மூடியதால் இறங்க இயலாத பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன; புறப்பட வேண்டியவை காத்துக் கிடந்தன. பொங்கலுக்குப் பிறந்த ஊர் நாடி வந்தவர்கள், ஊரின் புகையால் ஊருக்குள் நுழைய முடியாமற் போனார்கள். அதன் பின் விமான நிலையத்தைச் சூழ்ந்து வாழ்வோரிடம் எரிக்க வேண்டா என்று வேண்டுகோள் விடுப்பது வழக்கமாகிவிட்டது.

போகியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பழையன கழித்து, வீட்டுக்கு வெள்ளையடித்துப் புதியதை வரவேற்பது நல்ல மரபு. நம் பாட்டனார் காலத்தில் எரிந்தவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உளுத்த பனையோலை. வைக்கோற் கூரை மாற்றிய கிராமத்திலே அதற்கு ஒரு பயனும் இருந்தது. மந்தைவெளியில் அடுக்குமாடி வீட்டுக்காரர் கழிப்பதற்குக் கூரை ஏது, ஓலை ஏது? எனவே வண்டியின் டயரும், பிளாஸ்டிக் நாற்காலியும், செயற்கை நூலால் நெய்த துணியும், நுரைமெத்தையும் தீக்கு இரையாகின்றன. டயரின் கரும்புகையில் கந்தகமும் கரித்துகளும் உண்டு. குளோரின் அடங்கிய பிளாஸ்டிக்கை எரித்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. இவை நம் பாட்டனார் அறியாத பொருள்கள். இவற்றை எரிப்பதற்கு மரபைச் சாட்சிக்கு அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

புகை என்றவுடன் கண்ணுக்குத் தெரிவதையே நாம் எண்ணுகிறோம். தீங்கு மிகுதியும் கண்ணுக்குத் தெரியாததில் உள்ளது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களுள் பருத்தவற்றை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன; தும்மலாகவும் சளியாகவும் அவை வெளியேறுகின்றன. இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளோ நம் தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே ஆகும். அது நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்றுப் பைகள் வரை சென்று தங்குகிறது. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலந்துவிடுகின்றன. ஆஸ்துமாக்காரருக்கு அன்றே மூச்சு முட்டும். இருதய நோயாளிக்கு மாரடைப்பின் அபாயம் கூடும். ஏனையோருக்கு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கணக்கு ஏறும்.

இந்திய அரசு 2009-இல் வகுத்த அளவின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இந்நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது; ஒரு நாள் சராசரி 60-ஐத் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவித்த வரம்புகள் முறையே 5, 15. நம் நாட்டு அளவுக்குள் இருப்பதால் "காற்று நலமாக உள்ளது" என்று ஒரு பலகை அறிவிக்கும் நாளிலும், மருத்துவ நோக்கில் அது நலமன்று என்பதை இவ்விரு கணக்குகளின் இடைவெளியே காட்டும்.

போகி ஆண்டுக்கு ஒருநாள். தியாகராயநகரின் உஸ்மான் சாலையோ நாள்தோறும் உள்ளது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வெளி மாவட்டங்களிலிருந்தும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலிருந்தும் பட்டும் பொன்னும் வாங்க வருவோர் அங்கே கூடுகிறார்கள். நத்தை வேகத்தில் நகரும் வண்டிகளின் புகை, டயரும் பிரேக்கும் தேய்ந்து உதிரும் தூள், சாலைப் புழுதி, மின்சாரம் நின்றபொழுது கடைவாயிலில் உறுமும் டீசல் எந்திரம் ஆகிய யாவும் இருபுறமும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு வாய்க்காலில் நீர் தேங்குவதுபோலத் தேங்குகின்றன. கொண்டல் அங்கு வந்து சேர்வதற்குள் பல மாடிகளை மோதிச் சோர்ந்துவிடுகிறது. இவற்றோடு, மெட்ரோ இரயிலின் இரண்டாங்கட்டப் பணிக்காக மயிலாப்பூர் லஸ், கச்சேரி சாலை, பனகல் பூங்கா, அடையாறு என்று எங்கும் தோண்டிய மண்ணின் தூசியும் சேர்ந்தது. வண்டிகளைக் குறைக்கப்போகும் பணி அது என்பதால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தோண்டிய மண்மீது தண்ணீர் தெளிப்பதற்கும், மண் ஏற்றிய லாரியைத் தார்ப்பாய் கொண்டு மூடுவதற்கும் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

மார்கழியில் வருவோர் மற்றொரு வகையினர். சங்கீத சீசன் என்று உலகறிந்த இவ்விழாவுக்கு 1927-இல் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசைவிழாவே வித்து. அடுத்த ஆண்டில் சங்கீத வித்வத் சபை தோன்றியது. இன்று கடல் கடந்து வாழும் நம்மவர் விடுமுறையை இதற்கென்றே ஒதுக்கிக் குழந்தை குட்டிகளோடு மயிலையிலும் ஆழ்வார்பேட்டையிலும் வந்து தங்குகிறார்கள். நாலாம் நாள் குழந்தைக்கு வறட்டு இருமல் காணும். "தண்ணீர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் பாட்டி. "சபா உணவகத்து ஐஸ்கிரீம்" என்பார் தாத்தா. காற்றின்மேல் ஐயம் கொள்பவர் அரியர். பாடுவோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நீண்டதொரு சங்கதியை ஒரே மூச்சில் பிடிக்க வேண்டியவருக்கு மூச்சுதானே முதல்? ஒரு மாதத்தில் பத்துக் கச்சேரி செய்யும் பாடகர் தொண்டையைக் கம்பளியாற் சுற்றிக் காப்பாற்றுவதைக் காண்கிறோம். கம்பளி குளிரைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது.

வந்தவர் மூன்று வாரத்தில் விமானம் ஏறிவிடுவார். கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் பூத்தொடுத்து விற்கும் பெண்மணி எங்கே போவார்? பனகல் பூங்கா முனையில் எட்டு மணி நேரம் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், ஆட்டோ ஓட்டுபவரும், போகிச் சாம்பலைப் பெருக்கி அள்ளும் துப்புரவுத் தொழிலாளரும் சன்னலைச் சாத்திக்கொள்ளும் வசதி உடையவரல்லர். 2022 ஏப்ரல் மாத இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கிற் புகைந்தபோது, வசதியுள்ளவர்கள் உறவினர் வீடுகளுக்குப் பெயர்ந்தனர். ஏனையோர் ஈரத்துணியை மூக்கிற் கட்டிக்கொண்டு இருந்தனர். இன்னுமொன்று சொல்லாமல் விடலாகாது. தென்சென்னையின் குறையை நான் பேசுகிறேன், எண்ணூரிலும் மணலியிலும் அனல்மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் நடுவில் வாழ்வோர் இதைக் கேட்டால், "ஒருநாட் புகைக்கா இவ்வளவு பேச்சு?" என்று நகைத்தல் கூடும். அந்நகைப்பு நியாயமே. நம் வீட்டு விளக்குகளின் புகையையும் அவர்களே சுவாசிக்கிறார்கள்.

மாற்ற முடியாததா இது? 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை ஐந்து நாள் புகைமூட்டம் கவிந்து நாலாயிரம் பேருக்கு மேல் மாண்டனர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்வந்த ஆராய்ச்சியாளர் அத்தொகையை ஏறக்குறைய 12,000 என்கின்றனர். அங்கும் அசைவற்ற காற்று, மேலே ஒரு மூடி, கீழே வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. கணப்படுப்பு அவர்களுக்குப் பரம்பரைப் பெருமை. எனினும் 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றினர். அடுப்பை மாற்றிக்கொள்ள மக்களுக்குப் பொருளுதவியும் செய்தனர்.

நம்மிடத்தும் முயற்சிகள் இல்லாமலில்லை. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை அகலமாக்கப்பட்டு, வண்டிக்கு ஒதுக்கிய இடம் சுருங்கியது. 2020 ஏப்ரல் முதல் கந்தகம் மிகக் குறைந்த எரிபொருள் நாடெங்கும் வந்தது. அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன்பே பழைய டயர், துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றைத் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைக்குமாறு மாநகராட்சி கேட்டு வாங்குகிறது. அடுக்குமாடிச் சங்கங்கள் ஒரு நாள் குறித்து எல்லா வீட்டுப் பொருளையும் ஒருங்கே சேர்த்துக் கொடுத்தால் பணியாளரின் அலைச்சலும் குறையும். சடங்கு விடலாகாது என்போர், வாசலில் நாலு பனையோலையும் ஒரு பழம்பாயுமாகக் கொளுத்திப் பறையடிக்கும் பிள்ளைகளை மகிழ்விக்கலாம். அதனால் விமானம் திரும்பிப் போகாது.

பொங்கலுக்கு விருந்தினரை அழைத்திருப்போர்க்கு ஒரு செய்தி. போகிக்கு முந்திய நாளே அவர்கள் வந்து சேருமாறு பயணச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள். போகியன்று விடியற்காலையில் எலியட்ஸ் கடற்கரைக்கோ நாகேசுவரராவ் பூங்காவுக்கோ உலாவப் போகும் வழக்கமுடைய முதியவர்கள் அன்று மட்டும் வீட்டிலிருக்கட்டும். சன்னல்கள் சாத்தியே இருக்கட்டும். வெளியே போயே தீரவேண்டியவர் கைக்குட்டையை நம்ப வேண்டா. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 முகக்கவசமே நுண்துகளைத் தடுக்கும். ஆஸ்துமாவுக்கு மூச்சுமருந்து இழுப்பவர் அதனை முந்திய இரவே தலைமாட்டில் வைத்துக்கொள்க. வெயிலேறித் தரை சூடானதும் அந்த மூடி விலகத் தொடங்கும். பிற்பகலில் மாடித்துணி மேற்கு நோக்கி அசைந்தபின் சன்னலைத் திறக்கலாம்.