இன்னும் அச்சம் தரும் படங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் திரைப்படக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு திரைப்படக் குழுவினராகிய எங்கள்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு என்பதைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, இம்மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி உலகத்தின் பழைய படங்களைக் காட்டி வருகிறோம். முதல் நான்கு மாதங்களில் எவரும் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் முதல் பயங்கரப் படங்களையும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் எடுத்துக்கொண்டோம். உடனே, பதினொருவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று செயலாளரிடம் வந்து சேர்ந்தது. தமிழ் வளர்க்க வந்த சங்கத்திலே பிசாசு வளர்ப்பானேன் என்பது அதன் சாரம். வாசகம் நன்றாயிருந்தபடியால் குழுவிலே அதை இரண்டு முறை படித்து மகிழ்ந்தோம். விடையை மட்டும் எழுதாமல் இருந்துவிட்டோம். அதை இன்று இம்மேடையிலேயே சொல்லிவிடுமாறு செயலாளர் பணித்திருக்கிறார்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். அச்சமூட்டுவதற்கென்று எடுத்த படங்களிற் பெரும்பாலானவை இன்று சிரிப்பைத்தான் மூட்டுகின்றன. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. உலகில் என்றோ அற்றுப்போன, உரோமம் அடர்ந்த ஆதிகால யானைகள் நம் நாட்டுக் காட்டிலே வெளிப்படுவதாகக் கதை. நம் காலத்து யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நடக்க விட்டிருக்கிறார்கள். அதைக் கண்ட நம் காலனிக் குழந்தைகள் அஞ்சவில்லை. “பாவம், அதற்கு வேர்க்காதா?” என்று கேட்டார்கள்.

அச்சம் எவற்றால் பிறக்கும் என்பதை நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வரையறுத்திருக்கிறார். வருத்தும் தெய்வமும் பேயுமாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. ஹாலிவுட்டார் தொல்காப்பியம் படித்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் எடுத்த பயங்கரப் படங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு இந்நான்கினுள் அடங்கிவிடும். அடங்காமல் எஞ்சி நிற்கும் சில படங்கள்தாம் இன்றும் நம் உறக்கத்தைக் கெடுக்கின்றன. எங்கள் வழக்கு அவற்றைப் பற்றியதே.

1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. பிணங்களின் உறுப்புகளைத் தைத்துச் சேர்த்து உயிரூட்டிய பூதமாகப் போரிஸ் கார்லாஃப் நடித்தார். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்களைக் காட்டுமிடத்தில் அவர் பெயர் இராது. ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். ஏரிக்கரையிலே தனியே விளையாடிக்கொண்டிருக்கும் மரியா என்னும் சிறுமி அப்பூதத்தைக் கண்டு அஞ்சவில்லை. பூக்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொரு பூவாக நீரில் எறிந்து, அவை மிதப்பதைப் பார்த்து மகிழ்கிறார்கள். பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. பூவைப் போலவே இவளும் மிதப்பாள் என்றெண்ணி அது குழந்தையைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அவள் மூழ்கியதும் செய்வதறியாது பதைக்கிறது.

இக்காட்சியின் பிற்பகுதியைத் தணிக்கையாளர் வெட்டிவிட்டனர். பூதம் குழந்தையை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி அறுந்துவிடும். பின்னர், திருமணக் கொண்டாட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஊரின் நடுவே, தகப்பன் தன் குழந்தையின் உடலை ஏந்தி நடந்து வருவான். இடையில் நடந்தது என்ன? பார்ப்போர் தத்தம் மனத்திற்கேற்ப நிரப்பிக்கொண்டனர். நடந்ததைவிடப் பன்மடங்கு கொடியதாக நிரப்பிக்கொண்டனர். வெட்டுண்ட பகுதி 1980-களிலேதான் மீண்டும் சேர்க்கப்பட்டது. மென்மை கருதி வெட்டிய கத்தரிக்கோல் ஒரு பேதையைக் கொடியவனாக்கிவிட்டது! குழந்தைகள் பார்க்கலாகாது என்று எதையாவது வெட்ட முற்படும்போதெல்லாம் எங்களுக்கு இந்த ஏரி நினைவுக்கு வருகிறது.

இதற்கு முன்னரே, 1922-இல், முர்னாவ் என்னும் ஜெர்மானியர் ‘நாஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப்படத்தை எடுத்தார். ‘டிராகுலா’ நாவலை அனுமதியின்றித் தழுவியதற்காக ஆசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளையெல்லாம் அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தப்பிய பிரதிகளால் நாம் இன்று பார்க்கிறோம். அப்படத்தில் மாடிப்படி ஏறிவரும் நிழல் ஒன்று உண்டு. பேயின் முகத்தைவிட அந்த நிழல் கொடிது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, பார்க்கத்தான் வேண்டும்.

விலங்கச்சம் என்று தோன்றி வேறொன்றாய் முடியும் படம் ஜப்பானியரின் ‘கோட்ஜில்லா’. பொம்மைக் கடைகளில் அப்பிராணியைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் வேடிக்கை பார்க்கலாம் என்று வந்தார்கள். மூலப்படம் வேடிக்கையன்று. 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தபோது, ‘அதிர்ஷ்ட டிராகன்’ என்னும் ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் கதிரியக்கச் சாம்பல் மழையெனப் பெய்தது. படகில் இருந்தோர் 23 பேர். அவர்களுள் வானொலி இயக்குபவர் செப்டம்பர் 23 அன்று இறந்தார். இஷிரோ ஹோண்டாவின் படம் நவம்பர் 3 அன்று வெளிவந்தது. படம் தொடங்குவதே ஒரு கப்பலில்தான். மாலுமிகள் தளத்தில் அமர்ந்து இசை வாசித்துக்கொண்டிருக்கையில் கடலில் வெள்ளொளி எழுகிறது, கப்பல் தீப்பற்றுகிறது. அவ்வாண்டு அதைப் பார்த்த ஜப்பானியர் எந்தக் கப்பலை நினைத்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

டோக்கியோ எரிகிறது. ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் சிறிது நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். அப்பா முன்னமே மாண்டவர். அன்று மண்டபத்தில் கடலை கொறிக்கும் ஓசைகூட எழவில்லை. மேலே அரற்றுகிற விலங்கு ஒருவர் உள்ளே புகுந்து நடந்த ரப்பர் உடைதான். அதன் அலறல், பெரிய வயலின் போன்ற ‘டபுள் பேஸ்’ வாத்தியத்தின் தந்திகளைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உராய்ந்து எழுப்பிய ஓசைதான். அதை அறிந்த பின்னரும் அத்தாயின் சொல் நம்மை விடுவதில்லை.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். 1960-இல் வந்த அப்படத்தின் குளியலறைக் காட்சியில் ஓடும் இரத்தம் சாக்லேட் பாகு என்பதைச் சொன்ன பிறகும் இரு பெண்மணிகள் பாதியில் எழுந்து போனார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவருடைய ‘பறவைகள்’ (1963) எங்களுக்கு அதைவிட மேலானது. காகங்கள் ஏன் தாக்கின என்பதற்கு இறுதிவரை காரணமே சொல்லவில்லை!

1968-இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: விண்வெளிப் பயணம்’ படத்தை நீண்டது, புரியாதது என்றார்கள். இரண்டும் மெய். கதையமைப்பில் கைகோத்த ஆர்தர் கிளார்க் 1956 முதல் இலங்கையில் குடியேறி வாழ்ந்தவர். விண்கலத்தை நடத்தும் ‘ஹால்’ என்னும் கணினிக்கு முகமில்லை. ஒரு சிவந்த கண்ணும் பணிவான குரலும் மட்டுமே. உறைதுயிலில் கிடக்கும் விஞ்ஞானிகள் மூவரை அது கொல்கிறது. கத்தியில்லை, கூக்குரலில்லை. திரையில் ஓடும் உயிர்க்கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாகின்றன. உயிர் முடிந்தது என்று எழுத்துகள் ஒளிர்கின்றன. உலக சினிமாவில் இதனினும் அமைதியான கொலையை நாங்கள் கண்டதில்லை. இன்று நம் வீடுகளிலும் கேட்டதற்கு மறுமொழி சொல்லும் பெட்டிகள் வந்துவிட்டன. படம் முடிந்து போகையில் ஒரு சிறுமி, எங்கள் வீட்டுப் பெட்டிக்குக் கண் இருக்கிறதா என்று தகப்பனாரைக் கேட்டாள். அவர் உடனே விடை சொல்லவில்லை.

இனி, இவ்வுரைக்குக் காரணமான படத்துக்கு வருகிறோம். டான் சீகல் இயக்கி 1956-இல் வெளிவந்த ‘உடல் பறிப்போரின் படையெடுப்பு’. சிறு செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். சாந்தா மீரா என்னும் சிற்றூரில் வில்மா என்ற பெண் மருத்துவரிடம் முறையிடுகிறாள்: என் மாமா என் மாமா அல்லர். முகம் அதே முகம், குரல் அதே குரல், பழைய நினைவுகளும் தவறாமல் இருக்கின்றன; ஆனால் என்னைப் பார்க்கும்போது அவர் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. மருத்துவர் நகைத்து மனநல நிபுணரிடம் அனுப்புகிறார். பிறகு வில்மாவே, எல்லாம் சரியாகிவிட்டது என்கிறாள். அங்கேதான் நமக்கு உடல் குளிர்கிறது. வேற்றுலக விதைகள் பெருங்காய்களாக முற்றி, உறங்குவோரின் உருவத்தை அப்படியே பறித்துக்கொள்கின்றன என்பது கதை. பொதுவுடைமைக்கு எதிரான படம் என்று சிலரும், அப்படி எதிர்த்தவர்களையே பழிக்கும் படம் என்று சிலரும் வாதிட்டனர். அவ்வழக்கு அவர்களுக்கே ஆகட்டும்.

இந்த அச்சத்தைத் தொல்காப்பியர் சொன்ன நான்கினுள் எதிலே சேர்ப்பது? பேயன்று, விலங்கன்று, கள்வனன்று, இறையன்று. சொந்த வீட்டார்!

அன்று படம் முடிந்து அனைவரும் காப்பி அருந்தப் போய்விட்டனர். ஒரு பெரியவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காலனி முழுமைக்கும் மாமா. அந்தக் கடிதத்தில் முதற் கையொப்பம் அவருடையதே. எதைக் காட்டுகிறோம் என்று பார்க்கத்தான் வந்திருந்தார். அவர் சொன்னதை அவருடைய இசைவோடு இங்கே சொல்கிறோம்.

“எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக இதேதான் நடக்கிறது. ‘நீங்கள் யார்? எங்கள் வீட்டுக்காரர் எங்கே போனார்?’ என்று மாமி தினம் கேட்கிறாள். கோபமே கிடையாது. மரியாதையாகத்தான் கேட்கிறாள். பையன்தான், அம்மா வேண்டுமென்றே செய்கிறாள் என்று கத்துகிறான்.”

குழுவினராகிய நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். எனினும் தேடிப் படித்தோம். இத்தகைய நிலையை 1923-இலேயே காப்கிரா என்னும் பிரெஞ்சு மருத்துவர் தம் தோழரோடு சேர்ந்து விவரித்திருக்கிறார். முதுமையின் மறதி நோயிலும் இது வருவதுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், தலையில் அடிபட்டபின் பெற்றோரையே போலி என்று சொன்ன ஓர் இளைஞனைச் சோதித்தார். முகத்தை அறியும் ஆற்றல் அவனிடம் கெடவில்லை. அம்முகத்தைக் கண்டதும் எழவேண்டிய அன்பின் கிளர்ச்சிதான் எழவில்லை. அதனால் இவர் வேறு யாரோ என்று அறிவு முடிவு கட்டிக்கொண்டது. அதே இளைஞன், தந்தை தொலைபேசியில் பேசியபோது உடனே தந்தை என்று அறிந்துகொண்டான்! கண்வழி அறுந்த பாதை செவிவழி அறுந்திருக்கவில்லை.

இதை மாமாவிடம் சொல்லி, மருத்துவரிடமும் அழைத்துச் சென்றோம். இப்போது மாலை வேளைகளில் அவர் கீழே பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்து மேல்வீட்டுக்குத் தொலைபேசி செய்கிறார். “எங்கே இருக்கிறீர்கள்? யாரோ ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார், நல்ல மனிதர்தான், நீங்கள் சீக்கிரம் வாருங்கள்” என்கிறாராம் மாமி. சில நாட்கள் அதுவும் பலிப்பதில்லை.

அப்படத்தை மறுபடி ஒரு முறை காட்டும்படி கேட்டவர் மாமாவே. ஆகவே அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இம்மண்டபத்தில் மீண்டும் திரையிடுகிறோம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாடியில் கேரம் பலகை போடப்படும். மாமா தம் மகனை அழைத்து வருகிறார். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளை அவர்களுக்காக விட்டுவைக்குமாறு வேண்டுகிறோம்.