ஆற்றின் வேகத்தில் ஒரு விடுமுறை

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் தம்பதிகள் பலர் ஆற்றுக் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெட்டியை ஒருமுறை பிரித்து அலமாரியில் துணிமணியை அடுக்கிவிட்டால் போதும், பிறகு ஊர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். நானும் என் கணவரும் ஆம்ஸ்டர்டாமில் ஏறி, ரைன், மைன், டான்யூப் வழியாக புடாபெஸ்ட் வரை போனோம். இந்தப் பயணத்தில் எது நிறை, எது குறை என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கரையிறங்கி ஊர் பார்ப்பதைவிட, கப்பல் நகர்கிற நேரந்தான் இதன் உயிர். கொலோன் தேவாலயத்தையும் வியன்னா அரண்மனையையும் ரயிலில் போய்க்கூடப் பார்த்துவிடலாம். ஆனால் பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைன் மலையை அறுத்துக்கொண்டு ஓடும் 65 கிலோமீட்டரை ஆற்றின் நடுவிலிருந்துதான் பார்க்க வேண்டும். 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பள்ளத்தாக்கு அது. சுமார் 40 கோட்டைகள். ரயிலும் இரு கரையிலும் ஓடுகிறதுதான், ஆனால் ஜன்னலுக்கு ஒரு பக்கமே கிடைக்கும். மேல்தளத்தில் அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம் என்று நின்று, ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினோம். கோட்டைகள் ஏன் அங்கங்கே நிற்கின்றன என்பதும் தண்ணீரில் இருக்கும்போதுதான் புரிகிறது. காவுப் என்ற ஊருக்கு எதிரே ஆற்றின் நடுத்திட்டிலேயே ஒரு கோட்டை. போகிற படகு எதுவும் சுங்கம் கட்டாமல் தப்ப முடியாத இடம்!

கரையோரப் பலகைகளில் கிலோமீட்டர் எண்கள் எழுதியிருக்கும். என் கணவர் அவற்றை விடாமல் படித்துக்கொண்டு வந்தார். ரைனில் எதிர்நீச்சலாக ஏறும்போது எண் குறைந்துகொண்டே வந்தது; டான்யூபில் நீரோட்டத்தோடு இறங்கும்போதும் குறைந்தது. ரைனைத் தெற்கே கான்ஸ்டன்ஸ் நகரிலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறார்கள். டான்யூபையோ கடலில் கலக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். அதனால் பாஸாவில் 2,226 என்று இருப்பது புடாபெஸ்டில் 1,647 ஆகிவிடுகிறது.

இரண்டு ஆறுகளுக்கும் இடையே ஒரு மேடு இருக்கிறது. அதைக் கடக்க 793ஆம் ஆண்டிலேயே சார்லமேன் மன்னர் கால்வாய் தோண்டத் தொடங்கினார். இன்றைய பெரிய கப்பல்கள் போகும் கால்வாய் 1992இல்தான் முடிந்தது. பாம்பெர்க் முதல் கெல்ஹைம் வரை 171 கிலோமீட்டர். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்குக் கப்பலை ஏற்றுவது லாக் எனப்படும் தண்ணீர்த் தொட்டிகள். கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறும். மேல் மட்டம் வந்ததும் முன்கதவு திறக்கும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்டுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட லாக்குகள்.

ஒன்றையாவது விழித்திருந்து பாருங்கள். கால்வாயில் தொட்டியின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் சுமார் 11.4. பக்கத்துக்கு ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. கேப்டன் நடு அறையைவிட்டு வெளியே வந்து, கப்பலின் ஓரத்தில் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் கைவைத்து, சுவரைக் குனிந்து பார்த்தபடியே ஓட்டுகிறார். பாசி படிந்த ஈரச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் எழும்பி நிற்கிறது. ஹில்போல்ட்ஸ்டைனில் ஒரே மூச்சில் 24.67 மீட்டர் ஏற்றினார்கள். இருட்டுக் கிணற்றுக்குள் நின்றவர்களுக்கு மெல்ல மரங்களின் உச்சி தெரிகிறது, பிறகு வயல், பிறகு வீடுகளின் வாசல்.

இனிக் குறைக்கு வருகிறேன். ஊர் பார்க்கும் நேரத்தைப் பகலில் கொடுப்பதற்காகப் பல கப்பல்கள் இரவில்தான் ஓடுகின்றன. நல்ல நல்ல நீர்வழியெல்லாம் நாம் தூங்கும்போது கழிந்துவிடுகிறது. விடிந்தால் பேருந்து, காதுக்கருவி, வழிகாட்டியின் குடை. பெரிய துறைகளில் மூன்று நான்கு கப்பல்களைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிவிடுவதால், திரையை விலக்கினால் அடுத்த கப்பல்காரரின் அறைதான் தெரியும். அதனால் முன்பதிவு செய்யுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தெந்தப் பகுதியைப் பகலில் கடக்கிறீர்கள்? பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு கப்பல் பாருங்கள். நீர் வற்றும் காலமும் உண்டு. 2018 இலையுதிர்காலத்திலும் 2022 ஆகஸ்டிலும் ரைனில் தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட சமயங்களில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றித்தான் அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்கள்.

எந்தத் திசையில் போவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஏறினால் ரைன் பள்ளத்தாக்கை எதிரோட்டத்தில் நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கு ஓட்டமாக ஓடிவிடும். மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரை இறங்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஏறுவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். படிப்படியாகக் கல் அடுக்கிய திராட்சைத் தோட்டங்கள், ஆப்ரிகாட் மரங்கள், 1192இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னரைச் சிறைவைத்த டியூர்ன்ஸ்டைன் கோட்டை எல்லாம் அந்தச் சிறு தூரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. என் கணவருக்கு ரைன்தான் பெரிது. நான் வாஹாவ் கட்சி. மறுபடி வாய்த்தால் புடாபெஸ்டில் ஏறுவதாக இருவரும் பேசி முடித்திருக்கிறோம்.