பேரின்பம் என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவுக்குரிய அழைப்பிதழை எழுதிய வேளையில் நம் சங்கத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. "தங்களைப் பேரின்பத்துடன் அழைக்கின்றோம்" என்று ஓர் இளைஞர் எழுதினார். "பேரின்பம் வீடுபேற்றுக்குரிய சொல். உமக்குத் தெரிந்தது சிற்றின்பம் மாத்திரமே" என்று ஒருவர் கடிந்தார். கடிந்தவர் வேறு யாருமல்லர், அடியேனே. அழைப்பிதழ் "மகிழ்ச்சியுடன்" என்று திருத்தப்பெற்று அச்சேறியது. அந்த இளைஞர் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் வரவில்லை. ஆகவே, எம்மிருவரையும் பிரித்த அச்சொல்லையே இன்று ஆராய எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொல்லின் அமைப்பைக் காண்போம். பெருமை, இன்பம் என்னும் இரண்டும் சேரும்போது "மை" கெட்டு, முதலெழுத்து நீண்டு, பேரின்பம் ஆகின்றது. சிறுமை, இன்பம் என்பன சேரும்போது "மை" கெட்டு, றகர ஒற்று இரட்டிச் சிற்றின்பம் ஆகின்றது. நன்னூல் கற்ற மாணவரும் இதனை அறிவர். இரண்டு சொற்களிலும் நிற்பது ஒரே இன்பம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிறுமைக்கு இழிவு என்ற பொருளும் உண்டு என்பீர்கள். உண்மைதான். ஆயினும் சிற்றூர், சிற்றாறு என்னுமிடத்து இழிவு எங்கே இருக்கின்றது? சிற்றாறு ஓடிப் பேராற்றிலே கலக்கின்றது. அதுபோலச் சிற்றின்பமும் அளவிற் சிறியதேயன்றி, அதன் பெயரிலேயே பழி இல்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப்பொருள்களை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் இன்பத்துக்கென்றே வள்ளுவர் 25 அதிகாரங்களில் 250 குறட்பாக்களை அருளினார்.

வடமொழியில் ஆனந்தம் என்று வழங்குவதும் இப்பொருளையே. தைத்திரீய உபநிடதத்தின் ஆனந்தவல்லியிலே ஆனந்தத்தை அளக்கும் ஒரு பகுதி உண்டு. அளவைக்கு முதற் படியாக முனிவர் யாரை நிறுத்துகின்றார்? ஓர் இளைஞனை! நல்லவன், கற்றவன், உறுதியும் வலிமையும் உடையவன். செல்வம் நிறைந்த நிலமுழுவதும் அவனுடையது. அவனது மகிழ்ச்சியே மானுட ஆனந்தம் ஒன்று. அதனைப் பத்து முறை நூறு நூறாகப் பெருக்கிச் சென்று பிரமானந்தத்தைக் காட்டுகின்றார். மேற்படி ஒவ்வொன்றிலும், ஆசையினால் அடிபடாத கல்விமானுக்கும் அவ்வானந்தம் உண்டு என்கின்றார். வாலிபனின் மகிழ்ச்சியை முனிவர் பழிக்கவில்லை; அதையே அளவுகோலாகக் கைக்கொண்டார். விலக்கத் தக்கது ஆசையின் அடியேயன்றி மகிழ்ச்சி அன்று.

அப்படியாயின் பேரின்பத்துக்குத் தனிச் சிறப்பு இல்லையா? உண்டு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே "இன்புறு நிலை" என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பேரின்பத்தை விளக்க அவர் அங்கே எடுத்தாளும் உவமை ஓர் இலக்கணப் புணர்ச்சி. தாள், தலை என்னும் இரு சொற்கள் கூடித் "தாடலை" ஆகின்றன. இரண்டும் அழியவில்லை, ஆயினும் இடையிலே பிளவு தோன்றவில்லை. இறைவன் திருவடியும் அதன்கீழ்ப் பணிந்த உயிரும் அவ்வாறு கூடுவதே பேரின்பம். "நான்" என்று வேறாக நிற்கும்வரை அது வாய்ப்பதில்லை.

இதனைப் படித்தபோது என் பிழை எனக்கு விளங்கிற்று. சொல்லைக் காக்கப் புறப்பட்டேன். ஆனால் "நான் அறிந்தவன், நீ அறியாதவன்" என்று எமக்கிடையே ஒரு பிளவை உண்டாக்கினேன். பேரின்பத்தின் பொருளுக்கு அதைவிட மாறான செயல் வேறில்லை.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லுவேன். பரீட்சையிற் சித்தியெய்தினால் மகிழ்ச்சி என்று சொல்லுங்கள். நெடுநாட் பிரிந்த நண்பனைக் கண்டால் உவகை என்று சொல்லுங்கள். விளையாட்டில் வென்று ஆரவாரித்தால் களிப்பு என்று சொல்லுங்கள். பேரின்பத்தை அழைப்பிதழிலே செலவிட்டுவிட்டால், வேண்டும்பொழுது அதற்கு ஈடாக வேறு சொல் கிடையாது. பெரியோர்களே, நாமும் சிற்றின்பம் என்னும் சொல்லைப் பிரம்பாக்கி இளைஞர்மேல் ஓங்காதிருப்போமாக.

நேற்று மாலை அந்த இளைஞரின் வீட்டுப் படலையைத் திறந்தேன். "வாங்கோ ஐயா, இருங்கோ" என்று வரவேற்றார். "தம்பி, சொல்லில் நான் சரி, சொன்ன விதத்தில் பிழை" என்றேன். அவர் சிரித்தார். இன்று இம்மண்டபத்துக்குக் கதிரைகள் சுமந்து வந்தவர்களுள் அவரும் ஒருவர். இதனைப் பேரின்பம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உவகை என்று சொல்ல எனக்குத் தடையில்லை.