ஃபேன் நின்னா முதல்ல கண்டென்சரைப் பாருங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். இன்றைக்கு நம்ம வீட்டு ஃபேனுக்குள்ளும் பல்புக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பேசப் போகிறோம். காரணம் இருக்கு. நம் உறுப்பினர் ஒருவர் வீட்டு ஃபேன் 'உம்'மென்று சத்தம் போட்டது, சுற்றவில்லை. ஒரு கடையில், "காயில் எரிஞ்சு போச்சு, 700 ரூபாய் ஆகும்"னு சொன்னாங்க. வேறொருவரிடம் காட்டினபோது அவர் கண்டென்சரை மட்டும் மாற்றினார். நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

ஃபேன் மோட்டாரில் இரண்டு காயில் உண்டு. ஒன்றில் ஓடும் கரண்டு இன்னொன்றைவிடக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும். அதைச் செய்வதுதான் கண்டென்சர். மின்சாரத்தைத் தேக்கித் திருப்பிக் கொடுப்பதால் புத்தகத்தில் மின்தேக்கி என்பார்கள். அது பழசாகி அளவு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். நாம ஓல்டேஜ் மேல பழி போடுவோம்! சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். மாற்றும்போது பழையதில் எழுதியுள்ள அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "பெருசா போட்டா வேகமா சுத்தும்"னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. காயில் சூடாகிக் கெட்டுப் போகும்.

அடுத்தது ரெசிஸ்டர், அதாவது மின்தடை. குழாயைப் பாதி மூடுவது போலக் கரண்டைக் குறைக்கும். ஆனால் அதில் செலவாகும் மின்சாரம் சூடாகப் போய்விடும். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டருக்குள் இருப்பது இதுதான். ஃபேனை 1-இல் வைத்தாலும் பில் பெருசா குறையாது, பெட்டிதான் சுடும். இப்போது வரும் சின்ன ரெகுலேட்டரில் சூடு குறைவு. வேகத்தைக் குறைத்தால் யூனிட்டும் குறையும். பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் மாற்றுவது நல்லது.

டையோடு, சைக்கிள் டியூப் வால்வு மாதிரி. ஒரு பக்கம்தான் விடும். கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. நாலு டையோடு சேர்த்தால் அது ஒரே பக்கமாக ஓடும். போன் சார்ஜரிலும் எல்.இ.டி. பல்பிலும் இது உண்டு. எல்.இ.டி. என்பதே வெளிச்சம் தரும் டையோடுதான். பல்புக்குள் சின்னச் சின்னதாக, பெரும்பாலும் மாலை கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். அப்படி இருந்தால், ஒன்று கருகினாலே மொத்தமும் அணைந்துவிடும்.

தாத்தா காலத்து ரேடியோவை டிரான்சிஸ்டர் என்றோமே, அது உள்ளே இருந்த பாகத்தின் பேர். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது. சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைக் கட்டுப்படுத்தும். இன்றைய ஸ்மார்ட்போனில் இது கோடிக்கணக்கில் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடாதீர்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையும் அணைக்கணும். அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்டு நிற்கும், தொட்டால் அடிக்கும். எரியும் பல்பின் மூடியைக் கழற்றவே கூடாது. பழகினவர்தான் கை வைக்கணும்.

பழகிக்கொள்ள வழி இருக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் செல்போன் பழுது பார்ப்பது, வீட்டு வயரிங் போன்ற வேலைகளை இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை"னு கேட்பாங்க. தையல் மெஷினைப் பிரித்து மாட்டும் கைக்கு இது வராதா? விருப்பமுள்ளவர்கள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் பழைய ஃபேன் ஒன்றைப் பிரித்தே காட்டுகிறோம்.