நெஞ்சை அழுத்தும் கைகள்: நம் உடல்வாகும் உயிர்காப்பும்

(நமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகச் சவளக்கடையில் நடைபெற்ற மகளிர் ஒன்றுகூடலில், பழைய மாணவிகளான எங்கள் முதலுதவிக் குழு வழங்கிய உரையின் எழுத்துவடிவம்.)

 



எங்கள் குழுவிலிருந்து ஒருவரைப் பேச அனுப்புங்கள் என்று சங்கத்தினர் கேட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்தே வந்திருக்கிறோம். ஏன் என்பது உரை முடியும்போது விளங்கும்.

சில வருடங்களுக்கு முன் எங்களில் ஒருத்தியின் வாப்பா வீட்டில் திடீரென்று விழுந்தார். நேரம் முற்பகல். ஆண்களில் ஒருவர் வயலில், ஒருவர் கடையில், ஒருவர் கட்டாரில். வீட்டில் இருந்தவர்கள் உம்மாவும் அவளும் மட்டும்தான். எப்போதோ ஒருமுறை சீ.பீ.ஆர். பழகியிருந்தாள். பயப்படாமல் தொடங்கினாள். உதவி வரும்வரை தனியே அழுத்தினாள். வாப்பா மீளவில்லை. அதன்பின் அவள் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "நான் 45 கிலோ. வாப்பா பெரிய உடம்பு. கொஞ்சம் உடம்புள்ள ஒருத்தி அழுத்தியிருந்தால் தப்பியிருப்பாரா?"

ஆறுதல் சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. எங்களில் இருவர் தாதியர், ஒருவர் உடற்கல்வி ஆசிரியை. தேடினோம், வாசித்தோம், பொம்மையில் அழுத்திப் பார்த்தோம். கண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இதயம் நின்றால் மூளைக்கு இரத்தம் போகாது. சில நிமிடங்களுக்குள் மூளை பாதிப்படையத் தொடங்கிவிடும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் வைத்து அழுத்தும்போது, நின்றுபோன இதயத்தின் வேலையில் ஒரு பங்கை நம் கைகள் செய்கின்றன. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவர் இந்த முறையை 1960இல் உலகுக்கு அறிவித்தார்கள். நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை, கருவி தேவையில்லை, இரு கைகள் போதும் என்பதே அவர்கள் தந்த செய்தி.

ஆனால் எவருடைய கைகள்? வளர்ந்தவர் ஒருவரின் நெஞ்சு குறைந்தது 5 சென்ரிமீற்றர் தாழ வேண்டும், 6ஐத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதுமாக மேலெழ வேண்டும். அந்த ஆழத்துக்குத் தேவையான விசை ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு அது 30 முதல் 50 கிலோ பாரத்தை நெஞ்சில் வைப்பதற்கு ஒப்பானது. 45 கிலோ எடையுள்ள ஒருத்திக்கு அது இலேசான காரியமல்ல. எடை குறைந்தவர்களின் அழுத்தம் சராசரியாக ஆழம் குறைவாக இருப்பதையும், அவர்கள் விரைவில் தளர்ந்துவிடுவதையும் வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே எங்கள் தோழியின் சந்தேகம் வீண் சந்தேகமல்ல. உடல்வாகுக்கு இதில் பங்குண்டு.

இனி நாங்கள் பழகிய கதை. சரியான ஆழத்தில் 'டிக்' என்று சத்தமிடும் பொம்மை ஒன்றை இரவல் வாங்கி ஆளுக்காள் அழுத்தினோம். எங்களில் ஆக மெலிந்தவள் முழங்கையை மடித்து, கைப்பலத்தால் அழுத்தினாள். சத்தம் வரவில்லை. உடற்கல்வி ஆசிரியை அவளைப் பொம்மையோடு ஒட்டி முழங்காலில் நிற்கச் செய்தார். தோள்கள் கைகளுக்கு நேர் மேலே, முழங்கை மடியாமல், இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து தன் பாரத்தை இறக்கச் சொன்னார். 'டிக்' என்றது. இருந்த இடத்தில் அதே 45 கிலோதான். முன்பு கை அழுத்தியது, இப்போது உடம்பு அழுத்தியது.

எங்களில் பருமனானவளுக்கு வேறு பிழை. ஆழம் தாராளமாக வந்தது. ஆனால் அவள் கையை எடுக்காமல் பாரத்தைப் பொம்மையின் மேலேயே சாய்த்து வைத்திருந்தாள். நெஞ்சு மேலெழாவிட்டால் இதயத்தில் இரத்தம் நிறையாது. மெலிந்தவள் பாரத்தை இறக்கப் பழக வேண்டும். பருமனானவள் பாரத்தை எடுக்கப் பழக வேண்டும். இருவருக்கும் பயிற்சி வேண்டும்.

இன்னும் சில சிறு விடயங்கள். மெத்தையில் அழுத்தினால் அழுத்தத்தின் ஒரு பங்கு மெத்தைக்கே போய்விடும். விழுந்தவரை, தலையைத் தாங்கியபடி, விரிப்போடு இழுத்தாவது நிலத்துக்கு இறக்குங்கள். அபாயாவோ சாரியோ முழங்காலை இறுக்கினால் உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யாரும் உங்கள் உடையைப் பார்க்கப் போவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய விடயம் களைப்பு. இரண்டு நிமிடத்தில் 200 முதல் 240 தடவை அழுத்த வேண்டும். பலருக்கு முதல் நிமிடத்துக்குப் பிறகே ஆழம் குறையத் தொடங்கிவிடும். அழுத்துபவருக்கு அது தெரியாது. "எனக்கு இன்னும் ஏலும்" என்பார். அதனால்தான் களைத்தாலும் களைக்காவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்கிறார்கள். பலசாலிக்கும் அதே விதிதான். மாறும்போது ஒரு நொடியும் வீணாகாதபடி அடுத்தவர் எதிர்ப்பக்கத்தில் தயாராக முழங்காலில் நிற்க வேண்டும்.

எங்கள் பகுதிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடெங்கும் ஓடுகிறது. ஆனால் மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவும் நாட்களில் கல்முனைக்கும் இக்கரைக்கும் இடையே வழி தடைப்படுவதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அப்படியான ஒரு நாளில் ஒருத்தியின் கைகள் எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்று பேர் மாறி மாறி அழுத்தினால் வேறு கதை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொது இடத்தில் விழும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகவே கிடைக்கிறது என்று அமெரிக்க ஆய்வொன்று கண்டது. பிற பெண்ணைத் தொட ஆண்களுக்குத் தயக்கம். இங்கே அந்தத் தயக்கம் இல்லையென்று எங்களில் யார் சொல்வோம்? உயிர் போகும் நேரத்தில் தயங்கக்கூடாது என்பதை நம் வீட்டு ஆண்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். அத்தோடு, பெண்கள் கூடும் இடமெல்லாம் அழுத்தத் தெரிந்த பெண்களும் இருக்கும்படி செய்வோம். நீரில் மூழ்கியவருக்கும் பிள்ளைகளுக்கும் அழுத்தம் மட்டும் போதாது, மூச்சும் கொடுக்க வேண்டும். அதற்கும் தொட அஞ்சாத கைகள் வேண்டும்.

இனி அந்தத் தோழியின் கேள்விக்கு வருகிறோம். அவளும் எங்களோடு இந்த மேடையில்தான் நிற்கிறாள்.

தங்கச்சி, மிகச் சரியாக அழுத்தினாலும் பலர் மீள்வதில்லை. வைத்தியசாலைக்குள்ளும் அப்படித்தான். வாப்பா தப்பியிருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். குறை உன் 45 கிலோவில் இல்லை. நீ தனியே இருந்தாய். அந்த ஒழுங்கையில் எத்தனையோ வீடுகள், எல்லா வீட்டிலும் பெண்கள். ஓடிவந்து உன் எதிரே முழங்காலிட ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்களுக்கும் அன்று தெரியாது. அது எங்கள் எல்லோருடைய குறை.

அதனால்தான் ஐவராக வந்தோம். சபையிலும் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் சகோதரிகளே, எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு பயிற்சிக்குப் போங்கள்; தனியே போகாதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய தூரத்தில் மூன்று பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

பொம்மை பின்வரிசையில் பாயில் கிடக்கிறது. தேநீருக்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் அழுத்திவிட்டுப் போங்கள். நாங்கள் எதிர்ப்பக்கத்தில் இருப்போம்.